நாக்குக்கு அடியில்

கார்டில் ஒரு கோடு வந்தால் சுத்தம், இரண்டு கோடு வந்தால் புழு. அலவன்குடி தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய நாற்பத்தொன்பதாவது கார்டைப் பார்த்த நர்ஸ் தையல்நாயகிக்கு இரண்டு தெரிந்தது. கண் அசந்திருக்கும் என்று ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். இரண்டுதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்தால் கோடு அழியுமா என்ன?

"அத்தே, எனக்கு நல்லா வந்துருக்கா?" என்று கேட்டாள், விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நின்ற மதிவதனி. பக்கத்து வீட்டுப் புனிதவதியின் பெண். வயசு ஆறு, முன்பல் இரண்டும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் பாதி நேரம் தையல்நாயகி வீட்டில்தான் கிடப்பாள்.

"நல்லா வந்துருக்குடி தங்கம். போய் மிட்டாய் வாங்கிக்க."

குழந்தை ஓடிவிட்டாள். தையல்நாயகி அந்தக் கார்டை மட்டும் தனியாக எடுத்துவைத்தாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். யானைக்கால் நோய் ஒழிந்தது என்று நாடே நிம்மதியாக இருந்த காலத்தில், பழைய மருந்து எதற்கும் மசியாத புதுப் புழு ஒன்று கடலோரத்தில் கிளம்பியது. கொசு வழியாக ஆளுக்கு ஆள் தாவியது. கொசுவுக்கு வேலி போட முடியாது என்பதால் மனிதர்களுக்குப் போட்டார்கள். அலவன்குடியும் அதைச் சுற்றியிருந்த ஏழு குக்கிராமங்களும் ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி இரட்டைக் கம்பி வேலி. வேலிக்கு அப்பால் வீடு வாசல் இல்லாத பொட்டல். உள்ளே இருந்த நாலாயிரம் பேரும் உள்ளே, வெளியே போயிருந்தவர்கள் வெளியே. ஆயிற்று, பதினோரு வருஷம்.

வெளியே போயிருந்தவர்களில் தையல்நாயகியின் புருஷன் கலியமூர்த்தியும் ஒருவன். உப்பு லோடு ஏற்றிக்கொண்டு ராய்ப்பூர் போன மனுஷன், திரும்பி வந்தபோது ஊர் முகப்பில் கேட் நின்றது. அன்றைக்கு வயிற்றில் இருந்த மணிமொழிக்கு இப்போது பத்து வயசு. அப்பனை அவள் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், கொசு தலைகாட்டாத உச்சி வெயிலில், இரட்டைக் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பதினைந்து நிமிஷம் பேசிக்கொள்ளலாம். பதினோரு வருஷக் குடித்தனமும் அந்த வெயிலில்தான் நடந்தது.

கேட் திறக்க ஒரே வழிதான். முதல் மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒரு சுற்றாக எல்லோரும் புது மாத்திரை ஒன்றை விழுங்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் கழித்து முதல் சோதனை, பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவையாக இன்னும் இரண்டு. சோதனை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்களுக்கு அந்தக் கார்டு உதவாது. பழைய நோயின் தடம் ரத்தத்தில் கிடந்து எல்லோருக்கும் கோடு காட்டித் தொலைக்கும். பிஞ்சுகள் சுத்தமாக இருந்தால் ஊரில் புழு நடமாட்டம் இல்லை என்று அர்த்தம். முதல் சோதனை சுத்தம். மணிமொழியே விரல் நீட்டிய இரண்டாவது சோதனையும் சுத்தம். இது மூன்றாவது. கலியமூர்த்தி வெளியே புதுக் கட்டில் செய்து வைத்துவிட்டு, அதை எந்த வழியாக வீட்டுக்குள் நுழைப்பது என்று போன வாரம் வேலியோரம் நின்று அளவு கேட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது போய் இரண்டு கோடு.

மூன்றாம் நாள் மாவட்டத்திலிருந்து டாக்டர் ரிஸ்வானா ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். தையல் மிஷின் அளவு இருக்கும். ஊரில் அதற்கு அன்றைக்கே வம்சப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மனுஷனுக்கு வம்சம் சொல்ல ஆளில்லாத ஊரில் புழுவுக்கு வம்சம் பார்க்கிறார்களே என்று டீக்கடையில் ஒரு சிரிப்பு. சிரிப்பில் சத்து இல்லை.

"ஒரு பிள்ளைதானே டாக்டரம்மா?" என்றாள் தையல்நாயகி. "நூத்தம்பது பிள்ளைங்கள்ல ஒண்ணு."

"ஒண்ணுன்னாலும் அது எங்கேருந்தோ வந்திருக்கணுமே சிஸ்டர். மதிவதனி உடம்புல இருக்கிறது இளம்புழு. மாத்திரை கொடுத்தா செத்துடும், பிள்ளையைப் பத்தி பயமில்லை. அதோட அம்மா புழு வேற யாரோ ஒருத்தர் உடம்புல முத்திப்போய் உக்காந்திருக்கு. கொசு பறக்கிற தூரத்தைப் பாத்தா உங்க ரெண்டு தெருவுக்குள்ளதான் இருக்கணும். பெரியவங்க எத்தனை பேர்?"

"இருநூத்திப் பதினாலு."

"எல்லார் ரத்தத்துலயும் ஒரு சொட்டு வேணும். பிள்ளை ரத்தத்தையும் சேத்துப் பெட்டியில வச்சா, எந்தக் குப்பியில இருக்கிற புழு இதுக்கு அம்மான்னு சொல்லிடும். ஒரு தடவைதான் ஓடும். வட்டத்துக்கு ஒரு பெட்டிதான் கொடுத்திருக்காங்க."

"ஆளு தெரிஞ்சா?"

"அந்த ஒருத்தரைத் திட்டுக்கு அனுப்பிட்டு, சொன்ன தேதியில கேட்டைத் திறந்துடலாம். தெரியலைன்னா இன்னும் ஆறு வருஷம் மூடியே கிடக்கும். நான் போட்ட சட்டம் இல்லை சிஸ்டர், என்னை அப்படிப் பாக்காதீங்க."

திட்டு என்பது ஆற்று முகத்துவாரத்தில் இருக்கிற மணல்திட்டு முகாம். முற்றிய புழுவை எந்த மருந்தும் ஒன்றும் செய்வதில்லை. அது தானாகச் சாகிறவரை, பன்னிரண்டோ பதினைந்தோ வருஷம், ஆளை அங்கே வைத்திருப்பார்கள். அங்கே ஆய்வுக்கூடம் கிடையாது, மறுசோதனை கிடையாது. காத்துக் கிடப்பதுதான் வைத்தியம். வேலி போட்ட புதிதில் இந்த ஊரிலிருந்து பதினேழு பேரைக் கொண்டுபோனார்கள். எல்லோரும் நல்ல ஆரோக்கியமான ஆட்கள். புழு முற்றியிருப்பது அவர்களுக்கே தெரியாது. பதினேழு பேரில் ஒருவர்கூட இதுவரை வீடு திரும்பவில்லை.

ஆனால் ஊருக்குப் பெட்டியெல்லாம் தேவைப்படவே இல்லை. ஊர் அன்று சாயங்காலமே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது.

வாய்க்கால் முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வைத்திலிங்கத்துக்கு இடது கால் யானைக்கால். இருபது வயசில் வந்த பழைய நோய். இப்போது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, எவன் பெண் கொடுப்பான்? டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. வாரத்தில் ஒரு நாள் தையல்நாயகி போய் அந்தக் காலை வெந்நீரில் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, மருந்து போட்டுவிட்டு வருவாள். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட டியூபை இரண்டு விரலால் பிடித்துத்தான் வாங்குவார்கள்.

வட்டக் குழுத் தலைவர் பண்டரிநாதன் நேரே சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டார்.

"இருநூறு பேர் ரத்தத்தை எதுக்கும்மா வீணா எடுக்கணும்? கண்ணுக்கு எதிர்ல தூண் மாதிரி நிக்குது ஆதாரம். வைத்திலிங்கத்தோடதை மட்டும் எடு. போதும்."

"அண்ணே, உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? வீங்கின காலு பழைய புழுவோட மிச்சம். அந்தப் புழு செத்து முப்பது வருஷம் இருக்கும். அவர்கிட்டேருந்து யாருக்கும் ஒண்ணும் ஒட்டாது. கொண்டுபோற ஆளு பாக்க நல்லா இருப்பான். உங்களை மாதிரி, என்னை மாதிரி."

உங்களை மாதிரி, என்னை மாதிரி. பத்து வருஷமாக வகுப்பெடுத்து வகுப்பெடுத்து வாயில் தானாக வருகிற வாக்கியம். சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தாள். மூன்று சுற்றிலும் மாத்திரை விழுங்காதவர்கள் பெயரை எழுதித் தரும்படி டாக்டர் கேட்டிருந்தாள். பட்டியல் சின்னதுதான். காக்காய் வலிப்பு இருந்த ஒருவர், அப்போது படுத்த படுக்கையாக இருந்த ஒரு அம்மாள், சண்டை போட்டே தப்பித்த ஒரு ஆள். மூன்று பெயர் எழுதினாள். நாலாவது எண் போட்டுவிட்டு யாரென்று யோசித்தாள்.

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

முதல் சுற்றின்போது ஊரில் ஒருவரும் மாத்திரையைத் தொட மாட்டேன் என்றார்கள். ஆண்மை போய்விடும், கர்ப்பப்பை சுருங்கிவிடும் என்று ஆயிரம் வதந்தி. தையல்நாயகி ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வீடு போய், "இதோ, முதல்ல நான் போட்டுக்கறேன், பாத்துக்குங்க" என்று எல்லோர் எதிரிலும் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக் காட்டுவாள். பிறகு அவர்களும் விழுங்குவார்கள். அறுபது வீட்டுக்கு அறுபது மாத்திரை ஒரு மனுஷி விழுங்க முடியுமா? செத்துப் போவாள். அதனால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, வாய்க்கால் முனையில் யாரும் இல்லாதபோது துப்பிவிடுவாள். அவளுக்கு உரிய ஒன்றை மட்டும் கடைசியில் வீட்டில் போட்டுக்கொள்வதாகக் கணக்கு.

ஆனால் அப்போது அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைத் தொடக் கூடாது. ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்த வயிறு. மூன்று மாசம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று மாமியார் சத்தியம் வாங்கியிருந்தாள். புருஷனும் ஊரில் இல்லை. ஆகவே ரிஜிஸ்டரில் தன் பெயருக்கு நேரே 'விழுங்கினார்' என்று எழுதினாள். அடுத்த வருஷம் மணிமொழி கைக்குழந்தை. பால் கொடுக்கிறவர்களுக்கும் கூடாது. நர்சம்மாவே போடவில்லை என்று தெரிந்தால் தெருவே போடாது என்பதால், பால் நிறுத்திவிட்டேன் என்று ஊரில் சொல்லி, மறுபடியும் நாக்குக்கு அடியில். மறுபடியும் 'விழுங்கினார்'.

மூன்றாவது வருஷம் எந்தத் தடையும் இல்லை. தாராளமாக விழுங்கியிருக்கலாம்.  தன்னுடைய மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கழித்துத் துவைக்கும்போது முடிச்சை அவிழ்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. அடச்சீ என்று உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அறுபது வீட்டில் விழுங்கிக் காட்டி, தானும் விழுங்கிவிட்டதாகவே உடம்பு நம்பிப் போயிருந்தது.

ஐயோ, மதிவதனி. பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டுக் கூடத்தில் மணிமொழியோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை.

நாலாவது எண்ணுக்கு நேரே ஒன்றும் எழுதாமல் ரிஜிஸ்டரை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலியோரம் போனபோது சொல்லிவிடுவது என்றுதான் போனாள். கலியமூர்த்தி தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். முன்பு கருப்பாக இருந்த மீசை அந்தக் கம்பிக்குப் பின்னாலேயே நரைத்திருந்தது.

"என்னடி, யாரோ ஒருத்தன் மாட்டினா போதுமாமே? கேட்டு தொறந்துடுவாங்களாமே?"

"யாரோ ஒருத்தன்னா, அவனுக்கும் குடும்பம் இருக்காதா?"

"இருக்கட்டும். பதினோரு வருஷமா நமக்கு மட்டும் இல்லையா குடும்பம்? எவனா இருந்தா எனக்கென்ன. பாப்பா எங்க? கூப்பிடு. இந்தா பாரு மணி, அப்பா கேட்டுக்குள்ள வந்ததும் உன்னைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்கு நடப்பேன். பத்து வயசு எருமைன்னு ஊரு சிரிச்சா சிரிக்கட்டும்."

மணிமொழி வெட்கப்பட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். மணி அடித்துவிட்டது. தையல்நாயகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு நடந்தாள். 

ரத்தம் எடுக்கிற நாளன்று பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து வரிசை. தையல்நாயகிக்கு ஒரு பழக்கம் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் குப்பியில் ஒட்டுகிற சீட்டு ஒரு மணி நேரத்தில் உரிந்து விழுந்துவிடும். அதனால் எத்தனை தடவை மேலிடத்தில் திட்டு வாங்கினாலும் குப்பியில் சீட்டு ஒட்ட மாட்டாள். மூடியில்தான் மார்க்கரால் பெயரை எழுதுவாள். ஊசியால் குத்தி, சொட்டை விட்டு, மூடியைத் திருகித் தட்டில் வைப்பாள். இருநூற்றுப் பன்னிரண்டு மூடி நிறைந்தபோது மணி நாலு. டாக்டர் பக்கத்து அறையில் பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகுதான் வைத்திலிங்கம் வந்தார். கூட்டத்தில் வந்தால் வரிசை கலைந்து ஓடும் என்று அவருக்குத் தெரியும்.

"என்ன மாமா, இவ்வளவு நேரம் கழிச்சு?"

"ராஜா கடைசியிலதானே வருவாரு," என்று காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பண்டரி வந்துட்டுப் போனான். பெட்டி என்ன சொன்னாலும் நீதான் போகணும்னு சொல்லிட்டுப் போறான். நான் போறேன்னா சொல்லணும், மாட்டேன்னா சொல்லணும்?"

"நீங்க எங்கேயும் போக வேண்டாம். கையைக் கொடுங்க."

அவர் விரலில் குத்தி எடுத்தாள். மூடியில் வைத்திலிங்கம் என்று எழுதினாள். பிறகு தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் என்னவெல்லாம் தோன்றியது என்று சொன்னால் வெட்கக்கேடு. அவர் விரலிலிருந்து இன்னொரு சொட்டு எடுத்துத் தன் குப்பியில் விட்டால் யாருக்குத் தெரியும்? கை அந்தப் பக்கம் போகவும் செய்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று தன் ரத்தத்தைத் தன் குப்பியில் விட்டு, மூடியைத் திருகி, தன் பெயரைப் பெரிசாக எழுதித் தட்டில் வைத்தாள். 

"கால் சுத்தம் பண்ற நாள் இன்னைக்கு. இருங்க, வெந்நி எடுத்துட்டு வர்றேன்," என்று சத்துணவுக் கூடத்துக்குப் போய், அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வாளியோடு வந்தாள். அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை டாக்டர் கூப்பிட்டனுப்பினாள். உள்ளே பண்டரிநாதனும் இருந்தார். தையல்நாயகி வீட்டிலிருந்து கிளம்பும்போதே தன் துணிமணியை மடித்து வைத்துவிட்டு, மணிமொழியைப் பார்த்துக்கொள்ளும்படி மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஆளு தெரிஞ்சுடுச்சு," என்றாள் ரிஸ்வானா. குரலில் உற்சாகம் இல்லை. "எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு. வைத்திலிங்கம்."

"நான் சொன்னேனா இல்லையா?" என்று பண்டரிநாதன் தொடையில் தட்டினார்.

தையல்நாயகி வெளியே வந்து பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நானில்லை. நானில்லை, நானில்லை! கலியமூர்த்தி வருவான், கட்டிலைப் பின்பக்கமாக நுழைக்கலாம், மணிமொழி தோளில் உட்காருவாள். ஒரு மனுஷன் தொலைந்ததற்குச் சிரிக்கிறோமே என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகுதான் படித்த படிப்பு எட்டிப் பார்த்தது. முப்பது வருஷத்துக்கு முன் செத்த புழு குட்டி போடுமா? அவர் மூன்று சுற்றிலும் மாத்திரை விழுங்கியவர். அவள் எதிரிலேயே கடித்து மென்று, கசப்பாக இருக்கிறதென்று திட்டிக்கொண்டே விழுங்கியவர். எழுந்து வாய்க்கால் முனைக்கு ஓடினாள்.

வைத்திலிங்கம் கடைச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"பெட்டி தப்பாச் சொல்லியிருக்கு மாமா."

"பெட்டி ஏன் தப்பாச் சொல்லப் போவுது? மூடிதான் மாறிப்போச்சு." ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட்டார். "வெந்நி எடுக்கப் போனியே, அப்ப திருகி மாத்திட்டேன். நாப்பது வருஷமா நட்டு போல்ட்டு திருகுற கை. ரெண்டு மூடி மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

 வம்சப் பெட்டி இப்போதுதான் அவளுக்கு மட்டும் பதில் சொன்னது.

"நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருஷமும் என் கடைக்கு எதிர்த்தாப்புல வாய்க்கால்லதானே துப்பினே? காலு பெருத்தவனை யாரும் ஏறெடுத்துப் பாக்கறதில்லை தாயி, நீயும் பாக்கலை. மொதல்ல எனக்குச் சிரிப்புதான். ஊரையே முழுங்க வச்சிட்டு இவ துப்பறாளேன்னு. அப்புறம் உன் வயிறு தெரிஞ்சதும் புரிஞ்சுது."

"பதினோரு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லலையா?"

"என்கிட்ட யாரு பேசினா, நான் சொல்றதுக்கு?"

தையல்நாயகி அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போய்ச் சொல்லிடறேன். எனக்குப் பதிலா நீங்க ஏன்... வேண்டாம் மாமா. நான் பாவி."

"உனக்காக மட்டும் போறேன்னு நினைக்காதே. அவ்வளவு நல்லவன் இல்லை நான். அந்தப் பாப்பா அப்பனைத் தொடட்டும்னு ஒரு ஆசை, சரி. ஆனா திட்டுல பாதிப் பேருக்கு இப்ப காலு என் காலாட்டம் ஆயிருக்குமாமே, டாக்டரம்மா சொல்லுச்சு. அங்க எனக்குத் தனி கிளாஸ் கிடையாது பாரு. அங்க நான் சாதாரண ஆளு." சாக்கின் வாயைக் கட்டினார். "நீ போய்ச் சொல்லு, வேண்டாங்கலை. யாரு நம்புறான்னு பாப்போம்."

கேட் திறக்கிற நாளில் ஊரே திரண்டு நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் வெளியே இருந்தவர்கள் கூட்டம். அதில் கலியமூர்த்தி, இஸ்திரி போட்ட சட்டையில். இந்தப் பக்கம் திட்டுக்குப் போகிற வேன். வைத்திலிங்கம் சாக்கு மூட்டையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். யாரோ ஒரு பெண்பிள்ளை காறித் துப்பினாள்.

அப்போதுதான் தையல்நாயகி வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவர் இல்லை. நான். என் உடம்புலதான் புழு இருக்கு. நான் மாத்திரையை முழுங்கவே இல்லை. மூணு வருஷமும் முழுங்கற மாதிரி காட்டினேன். நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிட்டேன். மதிக்கு என்கிட்டேருந்துதான் வந்திருக்கு. அவர் மூடியை மாத்திட்டாரு."

 மதிவதனியின் அம்மா புனிதவதி முன்னால் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். புனிதவதி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஏன்க்கா இப்படி? பாவப்பட்ட மனுஷனுக்காக உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கறியே. உன் மனசு யாருக்கு வரும்?"

"இல்லடி, நிஜமா!"

"நீ முழுங்கினதை நாங்க கண்ணால பாத்தோமேக்கா! எங்க வீட்டுக் கூடத்துல நின்னு, எங்க வீட்டுச் சொம்புலதானே தண்ணி குடிச்சே?"

"எங்க வீட்டுலயும்தான்," என்றது ஒரு குரல். "எங்க அப்பாரு மாட்டேன்னாரு, நர்சம்மா முழுங்கின பெறகுதான் வாயைத் தொறந்தாரு." "நானும் பாத்தேன்." "நானும்." தெருவே சாட்சி சொன்னது. பண்டரிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கமான பொம்பளை, தங்கமான பொம்பளை என்றார்.

ரிஸ்வானா மட்டும் நம்பாமலும் இல்லை, நம்பவும் இல்லை. வேன் ஜன்னல் பக்கம் போய்க் கேட்டாள். "ஐயா, சிஸ்டர் சொல்றது உண்மையா? நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

தையல்நாயகி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமா, சொல்லுங்க. நீங்க பாத்தீங்கள்ல? சொல்லுங்க மாமா."

வைத்திலிங்கம் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"முழுங்குச்சு," என்றார். "என் கடை வாசல்லதான். நான் பாத்தேன்."

 இன்னொரு பெட்டி கிடையாது. நாலாயிரம் பேருக்கு ஆறு வருஷம். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டாள். வேன் கிளம்பிய புழுதி அடங்கும் முன் கேட்டைத் தூக்கினார்கள்.

கலியமூர்த்தி சொன்னபடியே மணிமொழியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தான். ஊர் சிரிக்கவில்லை, கை தட்டியது. "கூட்டத்துக்கு நடுவுல என்னமோ சொல்லிக்கிட்டிருந்தியே, கேட்டவங்க எல்லாம் அழுதாங்களாமே?" என்று கேட்டான். அவள் மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அவள் தலையைத் தடவி, "பதினோரு வருஷம் தனியாக் கிடந்தது மனசைப் படுத்துது உன்னை. இனி நான் இருக்கேன்ல," என்றான்.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பொட்டல் காலியாகி, கேட் வழியாக மாட்டு வண்டியும் லாரியும் சைக்கிளும் போவதும் வருவதுமாக இருந்தன. அவள் உள்ளறையில் தனக்கு மட்டும் ஒரு கொசுவலையைக் கட்டினாள். இனி ஐந்து மணிக்கு மேல் அந்த வலைக்குள்தான் என்று முடிவு செய்துகொண்டாள். இன்றைக்கு, நாளைக்கு சரி. பன்னிரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் முடியுமா? மூன்று வருஷத்தில் ஒரே ஒரு மாத்திரையை மறந்தவள் அவள்.

வலைக்குள் நுழையப் போகும்போது புனிதவதி மதிவதனியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, டாக்டரம்மா குடுத்த மாத்திரையைப் போட மாட்டேங்கறா. கசக்குமாம். நீ வந்து சொல்லு."

மதிவதனி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். பிறகு, "அத்தை முதல்ல முழுங்கினாத்தான் நான் முழுங்குவேன்," என்றாள்.

தையல்நாயகி ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பழக்கத்தில் நாக்கு தானாகத் தூக்கி இடம் கொடுத்தது. அதை அடக்கி, தண்ணீர் குடித்து, விழுங்கினாள். தொண்டையில் உரசிக்கொண்டு இறங்கியது. முற்றிய புழுவுக்கு அது சுண்ணாம்புத் துண்டு மாதிரிதான், ஒன்றும் செய்யாது.

"ஆ காட்டுங்க," என்றாள் குழந்தை.

காட்டினாள்.

"நாக்கைத் தூக்குங்க."

அறுபது வீட்டில், மூன்று வருஷத்தில், ஒரு ஆள்கூட அவளிடம் அதைக் கேட்டதில்லை. தையல்நாயகி நாக்கைத் தூக்கினாள். பொக்கை வாயும் பெரிய கண்ணுமாக மதிவதனி எட்டி, எக்கி, நன்றாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்று நிச்சயமான பிறகு தன் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.